'ஓகே' சொன்ன பிறகும் சிக்கலா? ஆங்கிலத்தில் சம்மதம் சொல்லும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

அலுவலக மின்னஞ்சலில் இலக்கணப் பிழை இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. படிக்கிறவர் மனதுக்குள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். சம்மதம் சொல்லும் சொல்லை மாற்றிப் போட்டால்தான் வம்பு. வேலை நிற்கும், பணம் போகும், சில சமயம் போடாத ஒப்பந்தம் போட்டதாகிவிடும். தமிழில் நமக்கு ஒரு 'சரி' போதும். கேட்டுக்கொண்டேன், ஏற்கிறேன், செய்யுங்கள், நானே செய்கிறேன், போகட்டும் விடு எல்லாமே அதற்குள் அடங்கும். மிச்சத்தைக் குரலும் முகமும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்போது குரல் கூட வருவதில்லை.

உங்களுக்கு நேர்ந்த கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் எழுதிய சொல் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைத்தான். 'வந்து சேர்ந்ததா?' என்பதற்கா, 'உங்களுக்குச் சரியென்று படுகிறதா?' என்பதற்கா, 'செய்யலாமா?' என்பதற்கா? அவர் ஒன்றைக் கேட்டிருப்பார், நாம் வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருப்போம். பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும்.

"பார்த்துவிட்டேன் என்றுதான் சொன்னேன், சம்மதித்ததாக எடுத்துக்கொண்டார்கள்"

இதுதான் இப்போது அதிகம் நடக்கிறது, வாட்ஸ்அப் வந்த பிறகு இன்னும் கூடுதல். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜி ஒன்றைப் பதிலாகப் போட்டார். நவம்பரில் சரக்கு வரவில்லை. அதற்குள் சந்தையில் விலை ஏறிவிட்டது. வழக்கு நீதிமன்றம் போனது. 'ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்குத்தான் கட்டைவிரல் போட்டேன், கையெழுத்துக்குப் பதிலாக இல்லை' என்றார் விவசாயி. நீதிபதி இருவருக்கும் நடந்த பழைய வியாபாரத்தைப் பார்த்தார். முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் 'லுக்ஸ் குட்', 'ஓகே', 'யப்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருக்கிறார், சொன்னபடி சரக்கும் கொடுத்திருக்கிறார். அப்படியானால் கட்டைவிரலும் அதே வகைதான் என்று 2023 ஜூனில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 82,000 கனடிய டாலருக்கு மேல். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

ஆகவே நீங்கள் இதுவரை எப்படிப் பதில் போட்டு வந்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஒவ்வொரு முறையும் 'ஓகே' போட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒருமுறை மட்டும் 'அது வெறும் ஓகே' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சரிசெய்ய: கிடைத்ததை மட்டும் சொல்வதானால் 'ரிசீவ்டு, வில் ரிவியூ அண்ட் ரிவர்ட்' என்று நீட்டியே எழுதுங்கள். 'ரிவர்ட்' இந்த அர்த்தத்தில் நம் ஊர் ஆங்கிலம் என்று வெளிநாட்டவர் முகம் சுளித்தால் 'கெட் பேக் டு யூ' போடுங்கள். 'நோட்டட்' என்ற சொல் படித்துக் குறித்துக்கொண்டேன் என்பதோடு நிற்கிறது. ஆனால் மேலதிகாரியிடமிருந்து வந்த 'நோட்டட்' கீழே இருப்பவர்கள் கண்ணுக்குப் பச்சைக்கொடியாகத்தான் தெரியும். அதனால் உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தால் அதைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

இந்தக் குழப்பத்தை வானொலித் தொடர்பில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். விமானியின் 'ராஜர்' என்றால் 'நீங்கள் சொன்னது முழுதும் கேட்டது', அவ்வளவே. 'சொன்னபடி செய்கிறேன்' என்பதற்குத் தனியாக 'வில்கோ' இருக்கிறது. ஆமாம் என்று பதில் சொல்ல 'அஃபர்ம்'. ஆமாமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்கு 'ராஜர்' சொல்லக்கூடாது என்றே விதி உண்டு. சினிமாவில் எல்லாவற்றுக்கும் 'ராஜர் ராஜர்' என்பது வேறு கதை.

விதி இருந்தும் பிசகிய நாள் 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்துக்கு அப்போது கிடைத்திருந்தது புறப்பட்ட பிறகு எந்த வழியில் போவது என்பதற்கான 'கிளியரன்ஸ்'. புறப்படுவதற்கான 'கிளியரன்ஸ்' இன்னும் தரப்படவில்லை. வழியைச் சொன்ன வாக்கியத்திலேயே 'டேக்ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்' என்கிற மாதிரி ஒரு தெளிவில்லாத வாக்கியம் சேர்த்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து முதலில் 'ஓகே' என்று வந்தது. 'டேக்ஆஃபுக்குக் காத்திருங்கள், கூப்பிடுகிறேன்' என்ற அடுத்த வாக்கியம், அதே நேரத்தில் இன்னொரு விமானமும் பேசியதால் இரைச்சலில் மூழ்கிவிட்டது. விமானி அறையில் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே'. அதற்கு முன்பே கேப்டன் விமானத்தை நகர்த்த ஆரம்பித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பழி முழுவதையும் ஒரு சொல்லின் தலையில் போட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு 'டேக்ஆஃப்' என்ற சொல்லை உண்மையிலேயே புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள். மற்ற இடமெல்லாம் 'டிபார்ச்சர்'.

"லீவுக்கு 'ஐ அப்ரூவ் ஆஃப் யுவர் லீவ்' என்று எழுதினேன், மனிதவளத்துறை ஏற்கவில்லை"

'ஆஃப்' தான் கோளாறு. 'அப்ரூவ்' தனியாக வந்தால் அதிகாரம் உள்ளவர் தரும் ஒப்புதல். 'அப்ரூவ் ஆஃப்' என்றால் நல்லது என்று நினைப்பது. அதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டிகூட உங்கள் லீவை 'அப்ரூவ் ஆஃப்' செய்யலாம். மகளின் காதலைப் பற்றிப் பேசும்போது 'ஆஃப்' வேண்டும், பில்லில் கையெழுத்துப் போடும்போது கூடாது. இரண்டும் எதிர்த் திசையிலும் போகலாம்: ஒரு திட்டத்தைப் பிடிக்காமலே 'அப்ரூவ்' செய்கிற அதிகாரிகள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

"'அக்ரீ' என்றேன், என்ன ஒப்புக்கொண்டேன் என்று சண்டை"

'ஐ ஆம் அக்ரீ' என்று எழுதுவதை முதலில் விடுங்கள். 'ஐ அக்ரீ' போதும். அடுத்து, பின்னால் என்ன ஒட்டுகிறது என்று பாருங்கள். 'அக்ரீ வித்' என்றால் உங்கள் கருத்தும் என் கருத்தும் ஒன்று. 'அக்ரீ டு' என்றால் நீங்கள் கேட்டதற்கு இணங்குகிறேன், அதாவது இனி என் தலையில் ஒரு பொறுப்பு ஏறுகிறது. 'அக்ரீ ஆன்' என்றால் இருவருமோ பலருமோ பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்.

வாடிக்கையாளர் 'விலையைக் குறைத்தால்தான் நியாயம்' என்று எழுதுகிறார். 'ஐ அக்ரீ வித் யூ' என்றால் ஆறுதல். 'ஐ அக்ரீ டு யுவர் ப்ரொபோசல்' என்றால் விலை குறைந்தது. ஆறுதல் சொல்லப் போய்த் தள்ளுபடி கொடுத்தவர்கள் உண்டு. இதில் சந்தேகம் வந்தால் 'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் பாயின்ட்' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்; புரிந்துகொண்டேன் என்று சொன்னதற்காக யாரும் பணம் கேட்க முடியாது.

"ஒப்பந்தத்தை 'அக்ஸெப்ட்' செய்துவிட்டேன், அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்"

உங்கள் மின்னஞ்சலில் 'அக்ஸெப்டட், பட்' என்று இருந்ததா பாருங்கள். அந்த 'பட்' வந்தவுடன் அது ஏற்பே ஆகாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. 'ஏற்கிறேன், ஆனால் முன்பணம் பாதி வேண்டும்' என்பது நீங்கள் வைக்கும் புதுக் கோரிக்கை. அவர் அதை மறுத்துவிட்டுப் போகலாம், இன்னொருவருக்கும் கொடுக்கலாம். முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், 'அக்ஸெப்ட்' கடைசியில் வரட்டும்.

அதே சட்டத்தின் 13ஆவது பிரிவில் 'கன்சென்ட்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது: இருவரோ பலரோ ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது. எனக்கு அந்தச் சட்டத்திலேயே பிடித்த வரி இதுதான். 'ஒரே அர்த்தத்தில்' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கத் தோன்றியிருக்கிறதே! மருத்துவமனையில் அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவமும் 'கன்சென்ட்' தான். அங்கே 'அப்ரூவல்' என்று எழுதினால் பொருந்தாது. நோயாளி டாக்டரின் திட்டத்துக்கு மதிப்பெண் போடவில்லை, தன் உடம்பைத் தொட இசைகிறார். தன்னுடையது எதையோ இன்னொருவர் தொடவோ எடுக்கவோ விடும் இடத்தில் 'கன்சென்ட்'. மேலிருந்து கீழே தருவது 'பர்மிஷன்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் மரியாதைக் குறைவாகவே தெரியும்.

"'சாங்ஷன்டு' வாடிக்கையாளர் பட்டியல் அனுப்பினேன், தலைமையகம் பதறிவிட்டது"

நம் வங்கிகளில் 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்றால் இனிப்பு வாங்குவார்கள். பன்னாட்டு வங்கியின் கண்காணிப்புப் பிரிவில் 'சாங்ஷன்டு' என்றால் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருக்கும் ஆள். ஒரே சொல்லுக்கு அனுமதியும் தண்டனையும் அர்த்தம். வெளிநாட்டுக்கு எழுதும்போது 'லோன் அப்ரூவ்டு' என்று போட்டுவிடுங்கள். கூடவே ஒன்று: சாங்ஷன் கடிதம் வந்ததற்கும் பணம் கணக்கில் வருவதற்கும் நடுவே 'டிஸ்பர்ஸ்மென்ட்' என்று ஒரு படி இருக்கிறது. கடிதத்தை நம்பி, வீடு விற்பவருக்குப் பணம் தரும் தேதி சொல்லாதீர்கள்.

'எண்டார்ஸ்' என்ற சொல்லும் இதே குணம். விளம்பரத்தில் நடிகர் செய்வது 'எண்டார்ஸ்மென்ட்'. பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தில் 'எண்டார்ஸ்மென்ட்' விழுந்தால் அது போக்குவரத்துக் குற்றத்துக்கான புள்ளி.

"வாங்கிய பிறகு 'அப்ரூவல்' கேட்டேன், தணிக்கையில் மாட்டிக்கொண்டேன்"

முன்பே கேட்டால் 'அப்ரூவல்'. செய்து முடித்ததற்குக் கேட்டால் 'ரேட்டிஃபிகேஷன்', அல்லது 'போஸ்ட் ஃபேக்டோ அப்ரூவல்'. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இதற்குப் 'பின்னேற்பு' என்று அழகான சொல்லே புழங்குகிறது. முன்பே கேட்காமல் விட்ட காரணத்தை ஒளிக்காமல் அந்தச் சொல்லையே போட்டுக் கேட்பதுதான் நல்லது. நாடுகளுக்கிடையே 'ரேட்டிஃபை' என்றால் கையெழுத்துக்குப் பிறகு வரும் உறுதி. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் 'ரேட்டிஃபை' செய்யவில்லை, அதனால் கட்டுப்பாடும் இல்லை.

"எல்லா ஆண்டும் 'குட்' போட்டார்கள், பதவி உயர்வு வரவில்லை"

இது மொழிக் கோளாறாகத் தோன்றாது, ஆனால் அதுவும்தான். எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கு 2008இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. பதவி உயர்வுக்கு, பணி மதிப்பீட்டு அறிக்கையில் ஐந்து ஆண்டும் 'வெரி குட்' இருக்க வேண்டும் என்பது அளவுகோல். 1993-94க்கு மட்டும் அவருக்கு 'குட்' விழுந்திருந்தது, அதை அவரிடம் சொல்லவுமில்லை. பாதகமான குறிப்பை மட்டும்தான் தெரிவிக்க வேண்டும், 'குட்' நல்ல குறிப்புதானே என்றது அரசு. ஒரு சொல் பாதகமா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். உயர்வைத் தடுத்ததால் அந்த 'குட்' பாதகம்தான்.

பாராட்டுச் சொல்லை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எத்தனை படி உள்ள ஏணி, இது எந்தப் படி என்று கேளுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பில் 'அவுட்ஸ்டாண்டிங்', 'குட்', 'சேட்டிஸ்ஃபேக்டரி', 'இன்அடெக்வேட்' என்று நான்கு படிகள் இருந்தன. 2012இல் மூன்றாவதன் பெயரை 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று மாற்றினார்கள். திருப்தி என்று பெயர் வைத்திருந்த படிக்கு, இன்னும் முன்னேற வேண்டும் என்பது புதுப் பெயர்.

'குவைட் குட்' இன்னும் தந்திரமானது. அமெரிக்கர் சொன்னால் மிக நன்று. பிரிட்டிஷ்காரர் சொன்னால் சுமார், பரவாயில்லை. ஆனால் அதே பிரிட்டிஷ்காரர் 'குவைட் பிரில்லியன்ட்' என்றால் முழுப் பாராட்டு, ஏனென்றால் உச்சத்தைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது 'குவைட்' முழுக்க முழுக்க என்று மாறிவிடுகிறது. 'நாட் பேட்' என்று அவர்கள் வாயிலிருந்து வந்தால் சந்தோஷப்படலாம்.

நாம் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. 'மேனேஜர் என்னை அப்ரிஷியேட் பண்ணினார்' என்பதை அப்படியே 'ஹி அப்ரிஷியேட்டட் மீ' என்று எழுதுகிறோம். வாயால் பாராட்டினார் என்றால் 'ப்ரெய்ஸ்டு'. 'அப்ரிஷியேட்' என்பது அருமை உணர்வது, நன்றியோடு நினைப்பது, மனசுக்குள்ளேயே நடக்கலாம். 'ஐ அப்ரிஷியேட் யுவர் கன்சர்ன், பட்' என்று ஆரம்பித்தால் மறுப்பு வருகிறது என்று அர்த்தம்.

"'அப்ரூவ்டு' என்று போட்டிருந்ததால் வாங்கினேன்"

யார் 'அப்ரூவ்' செய்தது, எதை? அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தச் சொற்களைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. புது மருந்துக்கு 'அப்ரூவல்'. பல மருத்துவக் கருவிகள், ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒன்றுக்கு ஈடானவை என்று காட்டினால் 'கிளியர்டு'. நெருக்கடிக் காலத்தில் தற்காலிகமாகத் தருவது 'ஆதரைஸ்டு': ஃபைசரின் கோவிட் தடுப்பூசி 2020 டிசம்பரில் இதைப் பெற்றது, முழு 'அப்ரூவல்' 2021 ஆகஸ்டில்தான். 'எஃப்டிஏ ரெஜிஸ்டர்டு' என்றால் நிறுவனம் தன் பெயரைப் பதிந்திருக்கிறது, அதோடு சரி. பொருளை யாரும் சோதித்துச் சான்று கொடுத்ததாக ஆகாது. முகப்பூச்சு டப்பாவில் 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்று பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள். அழகுசாதனப் பொருள்களுக்கு அந்த அமைப்பு ஒப்புதல் தருவதே இல்லை.

நம் ஊரில் இதே நோய் வீட்டுமனை விளம்பரத்தில். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) 'அப்ரூவ்டு' என்றால் மனைப்பிரிவின் வரைபடத்துக்கே அனுமதி. வெறும் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்பதை அதற்கு ஈடாக நினைத்தவர்கள்தான், 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது திண்டாடினார்கள். 'ரெகுலரைஸ்டு' என்றால் அனுமதி இல்லாமல் போட்ட மனையைப் பிறகு கட்டணம் வாங்கி வரன்முறை செய்தது. அதற்கான விதிகள் 2017இல் வந்தன. 'பேங்க் அப்ரூவ்டு' என்பது வங்கி தன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது, உங்களுக்காகப் பார்த்ததாக எண்ணிவிட வேண்டாம். 'நோ அப்ஜெக்‌ஷன்' என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பது மட்டும். தடையில்லாச் சான்று கொடுத்தவர் நாளை பொறுப்பேற்க வரமாட்டார்.

"என்னிடம் கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன், ஆனாலும் செய்துவிட்டார்கள்"

அறிக்கையில் 'இன் கன்சல்டேஷன் வித்' என்று உங்கள் பெயர் இருக்கும். கேட்டார்கள், அது உண்மை. உங்கள் இசைவு தேவை என்றால் அது 'கன்கரன்ஸ்'. இந்த இரண்டு சொல்லை வைத்து நம் நாட்டில் பெரிய போரே நடந்திருக்கிறது. நீதிபதிகளை நியமிக்குமுன் தலைமை நீதிபதியோடு 'கன்சல்டேஷன்' வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. அதைக் 'கன்கரன்ஸ்' ஆக்கலாம் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் யோசனை வந்தபோது, அது தலைமை நீதிபதிக்கு ரத்து அதிகாரம் கொடுப்பதாகிவிடும் என்று அம்பேத்கர் ஏற்கவில்லை. 1981இல் உச்ச நீதிமன்றமும் இரண்டும் ஒன்றில்லை என்றது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த நிலையை மாற்றித் தலைமை நீதிபதியின் கருத்துக்கு முதன்மை கொடுத்தது. மூத்த நீதிபதிகள் குழுவே நியமனங்களைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் முறை அங்கிருந்து வளர்ந்தது. அரசியலமைப்பில் உள்ள சொல் அப்படியே இருக்க, அதன் பலம் மட்டும் ஏறிவிட்டது.

உங்களுக்கு அப்படி ஒரு அமர்வு கிடைக்காது. அதனால் திட்டம் தொடங்கும்போதே 'சப்ஜெக்ட் டு மை கன்கரன்ஸ்' என்று எழுதி வாங்கிவிடுங்கள். கிடைக்கவில்லையா, உங்களுடையது ஆலோசனை மட்டும் என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

"காபி வேண்டுமா என்றேன், 'ஐ ஆம் குட்' என்றார், கொண்டுபோய் வைத்தேன், தொடவே இல்லை"

வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். 'ஐ ஆம் ஃபைன்' என்பதும் அதேதான். வேண்டும் என்றால் 'ஷ்யூர்' அல்லது 'யெஸ், ப்ளீஸ்' வந்திருக்கும். எழுத்தில் தனியாக நிற்கும் 'ஃபைன்.' கொஞ்சம் கோபமாகவும் தொனிக்கும். முற்றுப்புள்ளி வைத்தால் இன்னும் மோசம்.

எதிலும் அடங்காத கோளாறு என்றால்

சொல்லை ஆராய்ந்துகொண்டிருக்காமல் திருப்பிக் கேட்டுவிடுங்கள். 'கேன் ஐ டேக் திஸ் ஆஸ் யுவர் அப்ரூவல் டு ப்ரொசீட்?' என்று ஒரு வரி, எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற விவரத்தோடு. பதிலாகக் கட்டைவிரல் வந்தால், 'எழுத்தில் ஒரு யெஸ் போடுங்கள் சார்' என்று மறுபடியும் கேளுங்கள். கொஞ்சம் தொந்தரவுக்காரர் என்று பெயர் வரும், வரட்டும்.